காரில் இருக்கும் கரண்ட் கிணற்று மோட்டாருக்கு ஆகுமா?

கேள்வி: "பிளக் போட்டு சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட் கார் வாங்கினால், இரவில் சார்ஜ் ஏற்றி வைத்து, கரண்ட் இல்லாத நேரத்தில் கிணற்று மோட்டாரை ஓட்டலாம், மிச்சத்தை மின் வாரியத்துக்கே விற்று மாதத் தவணையில் பாதியைக் கட்டிவிடலாம் என்கிறார் கார் விற்பனைப் பிரதிநிதி. வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்களாமே? 4 ஏக்கர் தென்னை, 6 கறவை மாடு, கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் இருக்கிறது. கடன் வாங்கிக் கார் எடுக்கலாமா?"

— உடுமலைப்பேட்டை பகுதி வாசகர்

பதில்: காரின் பேட்டரியிலிருந்து மின்கம்பிக்கு மின்சாரம் அனுப்புவது வெளிநாட்டில் நடக்கிறது; அது உண்மை. ஆனால் மோட்டார் ஓட்டுவது, விற்றுத் தவணை கட்டுவது என்று பிரதிநிதி சொன்ன இரண்டும் இந்தத் தோட்டத்துக்குப் பொருந்தாது. அந்த நம்பிக்கையில் கடன் வாங்க வேண்டாம். குடும்பத்துக்குக் கார் தேவையென்றால், அது தனிக் கணக்கு.

அதேசமயம், கேள்விக்குள் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. கரண்ட் தாராளமாக வரும் நேரத்தில் சேர்த்துவைத்து, வராத நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவது. அதைத் தோட்டத்தில் செய்யக் காரைவிட மலிவான வழி உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது பிளக்

'ஹைபிரிட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கார்கள் இருக்கின்றன. முதல் வகையில் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு சிறிய பேட்டரியும் மின் மோட்டாரும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் பேட்டரி தானாகவே சார்ஜ் ஆகும். வெளியிலிருந்து கரண்ட் ஏற்ற வழியே கிடையாது. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஹைபிரிட் என்று ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த வகைதான். இவற்றின் பேட்டரியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு யூனிட்டுக்கு மேல் நிற்காது.

இரண்டாவது வகைதான் வாசகர் கேட்பது. இதில் பேட்டரி பெரிதாக இருக்கும். வீட்டுச் சுவரில் பிளக் போட்டு ஏற்றலாம். 30, 40 கிலோமீட்டர் தூரம் பேட்டரியிலேயே ஓடும். தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் வேலை செய்யும். இந்த வகை இந்தியாவில் பெரும்பாலும் விலையுயர்ந்த சொகுசுக் கார்களில்தான் கிடைக்கிறது. எனவே ஷோரூமில் காட்டும் காரில் சார்ஜ் ஏற்றும் துவாரம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது முதல் வேலை. அது இல்லையென்றால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

துவாரம் இருந்தாலும் இன்னொரு கேள்வி உண்டு. கரண்ட் உள்ளே போகும் காரிலெல்லாம் அது வெளியே வராது. வெளியே எடுக்கத் தனி வசதி வேண்டும். விற்பனைச் சீட்டில் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் நடப்பது என்ன?

இந்த யோசனையை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவின் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டன்ட்ரே என்ற இருவர். 1997-ல் அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை எளிமையானது: கார் ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் சும்மாதான் நிற்கிறது. நிற்கும் நேரத்தில் அதன் பேட்டரியை மின்தொகுப்போடு இணைத்துவைத்தால், தேவைப்படும்போது கரண்டைக் கொடுக்கவும் மிகுதியாகும்போது வாங்கிக்கொள்ளவும் அது உதவும். கெம்ப்டன் பணியாற்றும் டெலாவேர் பல்கலைக்கழகம் பிறகு கார்களை வைத்து இதைச் செய்தும் காட்டியது.

இதில் எங்கே பணம் வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். மின்தொகுப்பில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். பயன்பாடு கூடினால் அதிர்வெண் குறையும்; உற்பத்தி கூடினால் அதிர்வெண் ஏறும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. தராசு முள் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. அனல் மின் நிலையத்தை நொடியில் கூட்டிக் குறைக்க முடியாது, பேட்டரியால் முடியும். அந்த வேலைக்குத்தான் வெளிநாட்டில் கார்க்காரருக்குப் பணம் கிடைக்கிறது. மூட்டை மூட்டையாகக் கரண்ட் விற்பதற்கு அல்ல.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரை ஒட்டிய பிரெடெரிக்ஸ்பெர்க்கில் 2016-ல் இதை அன்றாட வேலையாகவே தொடங்கினார்கள். உள்ளூர்க் குடிநீர், எரிவாயு நிறுவனத்தின் 10 மின்சார வேன்கள் பகலில் பணிக்குப் போகும். மாலையில் திரும்பி வந்ததும் பிளக் போட்டு நிறுத்துவார்கள். ஒவ்வொரு வேனும் 10 கிலோவாட் வரை கொடுக்கவும் வாங்கவும் செய்யும். பத்தும் சேர்ந்தால் 100 கிலோவாட். எப்போது கொடுப்பது, எப்போது வாங்குவது என்பதை ஒரு கணினி பார்த்துக்கொள்ளும். காலையில் வேன் கிளம்பத் தேவையான சார்ஜ் இருக்கும்படியும் அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி காற்றாலையிலிருந்து வருகிறது. காற்று கூடும், குறையும். அதைச் சரிக்கட்ட இப்படிப்பட்ட பேட்டரிகள் அங்கே தேவை.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் ஸ்மார்ட் கிரிட் எளிதில் புரியும். நீர்க்கட்டி ஏரியில் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரை எந்த மடைக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு விடுவது என்று பார்த்துத் திறந்து மூடுகிறார். ஸ்மார்ட் கிரிட்டும் அப்படித்தான். அளவு பார்க்க ஸ்மார்ட் மீட்டர், செய்தி சொல்லத் தகவல் தொடர்பு, திறந்து மூடக் கணினி. கார் அதில் ஒரு சின்னத் தொட்டி.

ஜப்பான் கற்ற பாடம்

பிளக் போடும் ஹைபிரிட் காருக்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஜப்பான். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது அங்கே கரண்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பல இடங்களில் பெட்ரோலைவிடக் கரண்ட் முதலில் திரும்பியதால், நிவாரணப் பணிக்கு மின்சாரக் கார்கள் உதவின. ஆனால் அந்தக் கார்களின் பேட்டரியிலிருந்து விளக்கு எரிக்க வழி இல்லாமல் இருந்தது. அதன்பிறகுதான் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் கருவிகள் அங்கே வேகமாக விற்பனைக்கு வந்தன.

2013 ஜனவரியில் மிட்சுபிஷி நிறுவனம் அவுட்லேண்டர் காரின் பிளக்-இன் ஹைபிரிட் வகையைக் கொண்டுவந்தது. 12 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி, 45 லிட்டர் பெட்ரோல் டேங்க், 1,500 வாட் கொடுக்கும் பிளக் பாயின்ட். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 10 யூனிட் என்று வைத்தால், பேட்டரி ஒரு நாளைக்கு வரும். டேங்க் நிறையப் பெட்ரோலும் இருந்தால் சுமார் 10 நாளைக்கு வரும் என்று நிறுவனம் அறிவித்தது. 2019 செப்டம்பரில் சிபா பகுதியைப் புயல் தாக்கி 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனபோது, கார் நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளை அனுப்பிவைத்தன. செல்போன் சார்ஜ், மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்கு அவை உதவின.

இதே எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 10 நாளைக்கு 100 யூனிட். அதில் பேட்டரியில் இருந்தது சுமார் 10. மீதி 90 யூனிட் 45 லிட்டர் பெட்ரோலில் வந்தது. அதாவது லிட்டருக்கு 2 யூனிட். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட் 50 ரூபாய். பேரிடரில் அது விலையே இல்லை. அன்றாடப் பாசனத்துக்கு அது கட்டவே கட்டாது.

கிணற்று மோட்டார் கணக்கு

இனி வாசகரின் 5 எச்.பி. மோட்டார். தண்டில் வரும் சக்தி 3.7 கிலோவாட். இழப்பையும் சேர்த்தால் இழுக்கும் கரண்ட் சுமார் 5 கிலோவாட். மணிக்கு 5 யூனிட். நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் 20 யூனிட். 12 யூனிட் பேட்டரியில் எடுக்கக்கூடியது 9 அல்லது 10 யூனிட்தான். 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அந்த 2 மணி நேரமும் ஓடாது என்பதுதான் உண்மை. காரணங்கள் மூன்று:

1. காரின் பிளக் பாயின்ட் கொடுப்பது ஒருமுனை மின்சாரம். கிணற்றில் இருப்பது மும்முனை மோட்டார்.

2. பிளக் பாயின்ட் கொடுப்பது 1.5 கிலோவாட். இந்தியாவில் விற்கும் சில மின்சாரக் கார்களில் 3 கிலோவாட் அளவுக்கு உண்டு. மோட்டாருக்கு வேண்டியது 5 கிலோவாட்.

3. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். காரில் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு உடனே துண்டித்துவிடும்.

பெரிய இன்வெர்ட்டர், மும்முனை மாற்றி எல்லாம் வைத்தால் முடியாதா என்றால், முடியும். அதற்கு ஆகும் செலவில் ஒரு சோலார் பம்ப்செட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

விற்க முடியுமா?

விற்பதற்கு மூன்று இருக்க வேண்டும்: இரு திசையிலும் கரண்ட் விடும் சார்ஜர், போவதையும் வருவதையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர், வாங்குவதற்கு ஒரு கட்டண விதி. டெலாவேர் மாநிலம் 2009-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. கார்க்காரர் திருப்பி அனுப்பும் யூனிட்டுக்கு, அவர் கரண்ட் வாங்கும் விலையையே வரவு வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் வீட்டுக் கூரை சோலாருக்குக் கணக்கு வைக்கும் முறை இருக்கிறது. காரின் பேட்டரியிலிருந்து வரும் கரண்டைச் சாதாரண இணைப்புதாரரிடம் வாங்கும் கட்டண முறை நடைமுறையில் இல்லை.

அப்படி ஒரு முறை நாளை வந்தாலும் இரண்டு கழிவுகளை மறக்கக் கூடாது. ஏற்றி இறக்கும்போது 100 யூனிட்டுக்கு 15 முதல் 20 யூனிட் வரை வெப்பமாக வீணாகும். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் கழியும். காரில் விலை அதிகமான பாகம் அதுதான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டையும் தாண்டி நின்றால்தான் கையில் ஏதாவது மிஞ்சும்.

உடனே கிடைக்கக்கூடிய பலன் வேறொன்று: எந்த நேரத்தில் ஏற்றுவது என்பது. மத்திய அரசின் 2023-ம் ஆண்டு திருத்த விதிகளின்படி, சூரிய ஒளி நேரத்தில் யூனிட் விலை குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு இது பொருந்தும். விவசாய இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. இரவில் ஏற்றினால் மலிவு என்பது வெளிநாட்டுக் கணக்கு. சோலார் பெருகிவரும் தமிழ்நாட்டில் மிகுதி நேரம் நண்பகல். அந்த விலை வித்தியாசம் நடைமுறைக்கு வரும்போது, மதியம் வீட்டில் நிற்கும் கார்தான் மலிவாக ஏறும்.

இலவச இணைப்பில் கார் ஏற்றக் கூடாது

கேள்வியில் இது இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 'தோட்டத்துக் கரண்ட் இலவசம்தானே, அங்கேயே காரை ஏற்றிக்கொள்ளலாம்' என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த இணைப்பு பாசனத்துக்கென்று அனுமதிக்கப்பட்டது. அனுமதித்த நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுத்துவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 126-ன் கீழ் வரும். எந்தப் பயன்பாட்டுக்கு எடுத்தாரோ அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கு போடலாம். ஒரு விவசாயியின் கார் மட்டுமல்ல, இலவச மின்சாரம் என்ற சலுகையே கேள்விக்கு உள்ளாகும் செயல் இது.

வீட்டு இணைப்பில் ஏற்றினாலும் அடுக்குக் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 12 யூனிட் பேட்டரியை நாள்தோறும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கூடும். காரின் எரிபொருள் செலவு கணக்கில் இதைச் சேர்க்காமல் விற்பனைப் பிரதிநிதி காட்டும் மிச்சம் மிச்சமே அல்ல.

அப்படியானால் கார் எதற்கு உதவும்?

6 கறவை மாடு வைத்திருக்கும் இடத்தில் உதவி உண்டு. பால் கறக்கும் நேரத்தில் கரண்ட் போனால் காத்திருக்க முடியாது. ஒருமுனையில் ஓடும் சிறிய கறவை இயந்திரம், தொழுவத்து விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கு 3 கிலோவாட் கொடுக்கும் கார் போதும். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இன்குபேட்டரும் குஞ்சுகளுக்கான வெப்ப விளக்கும் இன்னும் முக்கியம். முட்டைகளுக்கு 37.5 டிகிரிக்கு அருகில் வெப்பம் தொடர்ந்து இருக்க வேண்டும். சில மணி நேரம் விட்டுப்போனால் ஒரு ஈடு முட்டையே போய்விடும். எப்படியும் குடும்பத்துக்கு ஒரு மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவாகியிருந்தால், வெளியே கரண்ட் கொடுக்கும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

அதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. காரிலிருந்து வரும் ஒயரை நேராக அந்தக் கருவிக்குத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி, வீடு முழுவதும் கரண்ட் விடக் கூடாது. அப்படிச் செய்தால் அது மீட்டர் வழியாக வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, மின்கம்பியில் பல ஆயிரம் வோல்ட்டாக நிற்கும். லைன் ஆஃப் என்று நினைத்துக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியரின் உயிர் போய்விடும். ஜெனரேட்டருக்கும் இதே விதிதான். வீட்டு வயரிங்கில் இணைக்க வேண்டுமானால், தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, மின் வாரியத்தின் அனுமதியோடு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்திய பிறகுதான்.

தோட்டத்துக்கு ஏற்ற பேட்டரி

இப்போது யோசனையின் நல்ல பாதிக்கு வரலாம். வாசகருக்கு வேண்டியது கரண்ட் அல்ல, தண்ணீர். கரண்டைச் சேமித்து, அதில் தண்ணீர் இறைப்பதற்குப் பதில், கரண்ட் வரும்போதே இறைத்துத் தண்ணீரைச் சேமித்துவிடலாம்.

100 அடி ஆழத்திலிருந்து 1 லட்சம் லிட்டர் தண்ணீரை மேலே தூக்கக் கணக்குப்படி 8 யூனிட் வேண்டும். மோட்டார், பம்ப், குழாய் இழப்பெல்லாம் சேர்த்தால் சுமார் 20 யூனிட். 5 எச்.பி. மோட்டாருக்கு 4 மணி நேர வேலை. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குட்டையில் அந்த 1 லட்சம் லிட்டர் நிற்கும். அதாவது, அந்தச் சிறிய குட்டை நிறைந்திருந்தால் 20 யூனிட் வேலையைச் சேர்த்துவைத்திருக்கிறது என்று பொருள். ஜப்பான் காரின் பேட்டரி இரண்டுக்குச் சமம்.

இழப்பையும் ஒப்பிடலாம். காரின் பேட்டரியில் ஏற்றி இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். 100 சதுர மீட்டர் குட்டையில் வெயிலுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 500 லிட்டர். நூற்றுக்கு அரைப் பங்கு. மண்ணில் உறிஞ்சாமல் இருக்கத் தார்ப்பாய் விரித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4 ஏக்கரில் ஏக்கருக்கு 70 வீதம் 280 தென்னை. சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 70 லிட்டர் என்று வைத்தால் 19,600 லிட்டர். 1 லட்சம் லிட்டர் குட்டை 5 நாளைக்குத் தாங்கும். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும், நடுவில் ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானாலும், மரத்துக்குத் தண்ணீர் நிற்காது. குட்டையிலிருந்து சொட்டுநீருக்குத் தள்ள 1 எச்.பி. ஒருமுனை மோட்டாரே போதுமான இடங்கள் உண்டு. அந்தச் சின்ன மோட்டாரை, 3 கிலோவாட் கொடுக்கும் கார் அவசரத்துக்கு ஓட்டும். சிறிய சோலார் பம்பும் ஓட்டும். கார் தோட்டத்துக்குப் பயன்படும் இடம் இதுதான்.

கவனிக்க வேண்டியவை:

• குட்டை தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் இருக்க வேண்டும். பள்ளத்தில் வெட்டினால் மறுபடி தூக்க வேண்டியிருக்கும்.

• சரிவான கரை வைத்தால் கொள்ளளவு குறையும். அதற்கேற்ப அகலத்தைக் கூட்ட வேண்டும்.

• சுற்றிலும் வேலி கட்டாயம். தார்ப்பாய் வழுக்கும், உள்ளே விழுந்த குழந்தையோ கன்றுக்குட்டியோ ஏற முடியாது. ஓரத்தில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

• குட்டை இருக்கிறதே என்று கிணற்றைக் கூடுதலாக இறைக்கக் கூடாது. ஊறும் அளவுக்கு மேல் எடுத்தால் எந்தப் பேட்டரியாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பண்ணைக்குட்டைக்கும் சொட்டுநீருக்கும் உள்ள மானியம் பற்றி வட்டார வேளாண்மை அலுவலகம், தோட்டக்கலை அலுவலகம், வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றில் கேட்கலாம். கார் கடனுக்குப் போகும் முன் அந்த மூன்று அலுவலகங்களுக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது.

இதே பொருளில் வந்த பிற கேள்விகள்

கேள்வி: "வீட்டுக் கூரையில் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலில்கூட, லைனில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?"

— திண்டுக்கல் பகுதி வாசகர்

பதில்: பழுது அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால், கூரையில் உற்பத்தியாகும் கரண்ட் கம்பிக்குப் போய், பழுது பார்ப்பவரைத் தாக்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் சோலார் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு, குறிப்பிட்ட சில விளக்கு, விசிறிகளுக்கு மட்டும் கொடுக்கும். தானாக நிற்கும் அமைப்பைக் கழற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடக் கூடாது.

கேள்வி: "பழைய மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியைக் கழற்றி, தோட்டத்து வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா?"

— தேனி பகுதி வாசகர்

பதில்: கூடாது. சாதாரண இன்வெர்ட்டர் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும். லித்தியம் பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜும், நிறுத்த வேண்டிய அளவும் வேறு. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகை சரியாக வேலை செய்யாவிட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். அந்தத் தீ எளிதில் அணையாது. ஓலைக் கொட்டகை, வைக்கோல் போர் அருகில் அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. பழைய பேட்டரியை விற்ற கடையிலோ நிறுவனத்திலோ திருப்பிக் கொடுத்துவிட்டு, லித்தியத்துக்கென்றே செய்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்ததாக வாங்குவதே பாதுகாப்பு.

கேள்வி: "ஊரில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். இப்போதே மாலையில் வோல்டேஜ் குறைகிறது. நாலைந்து பேர் மின்சாரக் கார் வாங்கிவிட்டார்கள். மோட்டார் காயில் எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

— சத்தியமங்கலம் பகுதி வாசகர்

பதில்: பயம் நியாயமானது. வீட்டில் பொருத்தும் வேக சார்ஜர் பெரும்பாலும் 7 கிலோவாட் அளவில் இருக்கும். ஒரு 5 எச்.பி. மோட்டாரைவிட அதிகம். ஐந்து கார்கள் ஒரே நேரத்தில் ஏறினால் 35 கிலோவாட். எல்லோரும் வேலை முடிந்து 7 மணிக்கு வந்து பிளக் போட்டால், வீட்டு விளக்கு, மிக்ஸி, டிவி எல்லாம் ஓடும் நேரத்தில் அந்தச் சுமையும் சேரும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறும்.

செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மோட்டார் ஸ்டார்ட்டரில் குறைந்த வோல்டேஜில் துண்டிக்கும் ரிலேயும் அதிகச் சுமை ரிலேயும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்வது. சிலர் அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதைக் கழற்றி வைத்திருப்பார்கள். அது காயிலுக்குத் தானே கொள்ளி வைப்பது. இரண்டாவது, கார் வைத்திருக்கும் நாலைந்து பேரும் பேசி முறை வைத்துக்கொள்வது. பெரும்பாலான கார்களில் எத்தனை மணிக்குச் சார்ஜ் தொடங்க வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. ஒருவர் இரவு 11 மணிக்கு, ஒருவர் 2 மணிக்கு, வீட்டில் இருப்பவர் நண்பகலில் என்று பிரித்துக்கொண்டால் அதே டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும். மூன்றாவது, சார்ஜர் வைத்திருப்பவர்கள் கூடுதல் மின்பளுவுக்கு முறையாக விண்ணப்பித்துப் பதிவு செய்வது. பதிவில் இருக்கும் சுமையைக் காட்டித்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்க முடியும். எல்லோரும் கையெழுத்திட்டு, வோல்டேஜ் குறையும் நாளையும் நேரத்தையும் ஒரு மாதம் குறித்துவைத்து, அதையும் இணைத்து உதவி செயற்பொறியாளரிடம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.